பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையே ஒரு பள்ளம்

இந்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் 18 வயதோடு முடிகிறது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் மக்கள்திரள் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. ஆஷா பணியாளர் வீடு வீடாக வந்து நிரப்பும் படிவமும் 30 வயதைத் தொட்டவர்களுக்கானதே. இடையில் 12 ஆண்டுகள் இருக்கின்றன. கல்லூரி, முதல் வேலை, முதல் இரவுப்பணி, முதல் சிகரெட், முதல் மகப்பேறு ஆகியவை பலருக்கு நிகழும் ஆண்டுகள் இவை. இந்த ஆண்டுகளில் ஒருவருடைய இரத்த அழுத்தத்தைத் தேடிவந்து அளந்து எழுதிவைக்கும் கடமை எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. நோயென்று மருத்துவமனைக்குப் போனால் அளப்பார்கள், கருவுற்றால் அளப்பார்கள். நலமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் இளைஞரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்தப் பள்ளத்துக்கு உடலியங்கியலில் எந்த நியாயமும் இல்லை என்பதே என் வாதம். இரத்த அழுத்தத்தின் வருங்காலப் போக்கை இரத்தக்குழாய்கள் பெரிதும் வடிவமைத்துக்கொள்ளும் ஆண்டுகளையே நாம் எவரும் காவாத வெளியாக விட்டுவைத்திருக்கிறோம். பிறகு 45 வயதில் ஒருவர் சரிந்து விழும்போது "திடீரென்று" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். உண்மையில் திடீரென்று நிகழ்ந்தது நம் கவனம் மட்டுமே.

இதை எழுதத் தூண்டியது 2025இன் ஹாசன் விவாதம். அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஹாசன் மாவட்டத்தில் இளவயது மாரடைப்பு மரணங்கள் அடுத்தடுத்துச் செய்தியாயின. கர்நாடக அரசு, பெங்களூரு ஜெயதேவா இதயநோய் நிறுவனத்தின் இயக்குநர் கே. எஸ். ரவீந்திரநாத் தலைமையில் ஒரு வல்லுநர் குழுவிடம் ஆய்வை ஒப்படைத்தது. குழு முடிவைச் சொல்லுமுன்பே தொலைக்காட்சிகளும் அரசியலாளர்களும் கோவிட் தடுப்பூசியைக் கூண்டில் ஏற்றிவிட்டனர். பெங்களூரிலும் மைசூருவிலும் ஜெயதேவா மருத்துவமனைகளின் வாயிலில் அச்சத்தால் திரண்ட மக்கள் விடியற்காலை முதல் வரிசையில் நின்றனர். தடுப்பூசியைக் குற்றவாளியாக்க ஆதாரம் இல்லை என்றே குழுவின் அறிக்கை கூறியது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் போன்ற நாம் நன்கறிந்த காரணங்களையே சுட்டியது. அறிக்கை வந்ததும் பரபரப்பு வடிந்தது. நன்கறிந்த காரணங்களில் எவருக்கும் சுவையில்லை.

அந்தப் பரபரப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. இறந்தவர்களின் 20ஆம் வயதில், 25ஆம் வயதில் அவர்களுடைய இரத்த அழுத்தம் என்னவாக இருந்தது? கேட்டிருந்தாலும் விடை கிடைத்திருக்காது. விடையிருக்க வேண்டிய ஏடே நம்மிடம் இல்லை.

இனி உடலியங்கியலுக்கு வருவோம். "பிபி" என்றதும் நம் மாணவர்களில் பலர் இதயத்தை நினைக்கிறார்கள். இதயம் பாதிக் கதைதான். தமனியில் உள்ள சராசரி அழுத்தம், இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவையும் அந்த ஓட்டத்துக்குக் குழாய்கள் காட்டும் தடையையும் பெருக்கி வருவது. தடையை நிர்ணயிப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிறுதமனிகள். குழாயின் ஆரம் குறையும்போது தடை அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் புவாசேயி கண்ட விதி. ஆரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஒரு தலைமுடியின் தடிப்பில் நிகழும் மாற்றம், மொத்த உடலின் அழுத்தத்தையும் புரட்டிப்போட வல்லது.

அந்தச் சுருக்கத்தையும் விரிவையும் ஆள்வது எண்டோதீலியம் எனப்படும் உட்சுவர்ப் படலம். ஒற்றைச் செல் தடிப்பே கொண்ட இப்படலத்தை நெடுங்காலம் வெறும் உறை என்றே மருத்துவம் நினைத்தது. 1980இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளைக் கொண்டு அந்த எண்ணத்தை உடைத்தார். படலம் பழுதின்றி இருந்தபோது அசிட்டைல்கோலின் குழாயைத் தளர்த்தியது. படலத்தைத் தேய்த்து நீக்கியதும் அதே மருந்து குழாயை இறுக்கியது. தளர்த்தும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெளிந்தது. அக்கண்டுபிடிப்புகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. 1992இல் டேவிட் செலர்மேயரும் உடன் ஆய்வாளர்களும் கைத்தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்து, ஓட்டம் கூடும்போது அது எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் முறையை லான்செட் இதழில் வெளியிட்டனர். புகைபிடிக்கும் இளைஞர்களிடமும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த குழந்தைகளிடமும் அந்த விரிதிறன் ஏற்கெனவே குன்றியிருந்தது. குழந்தைகளிடம் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

சிறுதமனிகள் ஒருபுறம் என்றால், பெருந்தமனி மறுபுறம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எறியும் இரத்தத்தை அது விரிந்து வாங்கி, பின் மெல்லச் சுருங்கி முன்னே அனுப்புகிறது. அதன் சுவர் விறைத்துப்போனால் மேல் அளவு ஏறுகிறது. நாடி அலை விரைவாக ஓடுகிறது. அலையின் வேகத்தை அளந்தே விறைப்பைக் கணிக்கிறோம்.

ஆகவே, கருவியின் திரையில் 144 என்று தெரியும் எண் ஒரே பொருளுடையது அன்று. பிரிட்டனில் 17 முதல் 27 வயது வரையான 1,008 மாணவர்களிடம் நடத்தப்பட்ட எனிக்மா ஆய்வு 2005இல் இதைத் தெளிவாகக் காட்டியது. மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த இளைஞர்களிடம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளப்படும் இரத்தம் மிகுந்திருந்தது, அல்லது பெருந்தமனி விறைத்திருந்தது, அல்லது இரண்டுமே. வழக்கமான உயர் அழுத்தம் கொண்டவர்களிடமோ சிறுதமனிகளின் தடை மிகுந்திருந்தது. ஒரே வகுப்பறையில் ஒரே எண்ணைக் காட்டும் இருவருக்குள் இருவேறு பொறிகள் இயங்கலாம். "இந்த வயசுல பிபியா? எல்லாம் டென்ஷன்" என்று ஒரே வாக்கியத்தில் இருவரையும் அனுப்பிவைக்கும் வழக்கம், அறிவியலின் பெயரால் செய்யப்படும் சோம்பல்.

இவ்விடத்தில் என் எதிர்த்தரப்பு ஒரு வலுவான கேள்வியை எழுப்பும். குழாய் கெட்டதால் அழுத்தம் ஏறியதா, அழுத்தம் ஏறியதால் குழாய் கெட்டதா? நியாயமான கேள்வி. உயர் அழுத்தம் குழாய்ச் சுவரைத் தடிக்கவைக்கிறது என்பதை ஸ்வீடனின் பியோர்ன் ஃபோல்கோவ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுவியவர். நார்வேயில் லுண்ட்-யோஹான்சன், இளம் நோயாளிகளை இருபதாண்டுகள் பின்தொடர்ந்து, தொடக்கத்தில் இதயத்தின் வெளியீடு மிகுந்திருந்ததையும் பின்னர் அது தாழ்ந்து குழாய்த் தடை ஏறியதையும் கண்டார். 45 வயதைக் கடந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த மெசா ஆய்வு, கைத்தமனியின் விரிதிறன் குறைவு பின்வரும் உயர் அழுத்தத்தைத் தனித்து முன்னறிவிக்கவில்லை என்று 2010இல் சொன்னது. இவற்றை மறைத்துவிட்டு "எல்லாம் எண்டோதீலியமே" என்று முழங்குபவர் ஆய்வாளர் அல்லர்; விற்பனையாளர்.

ஆனால் மறுபக்கச் சான்றும் எளிதில் தள்ளத்தக்கது அன்று. ஃபிராமிங்ஹாம் வழித்தோன்றல்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், பெருந்தமனி விறைப்பு முன்னே நின்றது. ஏழாண்டுகள் கழித்து உயர் அழுத்தம் பின்னே வந்தது. தொடக்க அழுத்தத்தால் பிந்தைய விறைப்பை முன்னறிவிக்க இயலவில்லை. அவர்கள் முதியவர்கள் என்று மறுக்கலாம். அப்படியானால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992இல் பிறந்தோரைத் தொடரும் ஆய்வைப் பாருங்கள். 17 வயதில் தமனி விறைப்பு மிகுந்திருந்தவர்களிடம் 24 வயதில் அழுத்தம் கூடியிருப்பதை 2022இல் அது காட்டியது. நான் குறிப்பிட்ட பள்ளத்தின் நட்டநடுவில் விழும் வயது அது.

தொடர்பை மட்டும் காட்டும் ஆய்வுகள் போதாது என்பவர்களுக்கு, காரணத்தையே கையில் பிடித்துக் காட்டும் சான்று மகப்பேற்றில் இருக்கிறது. பிரீஎக்லாம்சியா கண்ட இளம்பெண்ணை எண்ணிப்பாருங்கள். புகை இல்லை, பல வேளைகளில் உடற்பருமனும் இல்லை. பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் காட்டியபடி, நஞ்சுக்கொடி மிகையாக வெளிவிடும் ஒரு புரதம் தாயின் எண்டோதீலியத்தைத் தாக்குகிறது. அப்புரதத்தை எலிகளின் உடலில் மிகச் செய்தபோது அவற்றின் அழுத்தமும் ஏறியது. முதலில் படலம் காயப்படுகிறது, பிறகு அழுத்தம் ஏறுகிறது. இத்தகைய பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3.7 மடங்கு என்று 2007இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. நம் பிரசவ விடுதிகளில் என்ன நடக்கிறது? குழந்தை பிறந்து அழுத்தம் இறங்கியதும் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சீட்டைக் கிழித்து அனுப்புகிறோம். இளவயதிலேயே தன் குழாயின் நலிவை உரக்கச் சொல்லிவிட்ட ஓர் உடலை, அடுத்த பத்தாண்டுக்கு எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆக, கோழியா முட்டையா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல். சுழலுக்குத் தொடக்கப்புள்ளி ஒன்றே ஒன்று இருக்க வேண்டியதில்லை. ஆனால் சுழல் எவ்வளவு இளமையில் கவனிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அதை உடைப்பது எளிது. சுவர் தடித்து நார்ப்பொருள் ஏறிய குழாயைவிட, இன்னும் தளரத் தெரிந்த குழாய் திருத்தத்துக்கு இடந்தரும். காரணம் எது என்று முற்றிலும் தெளியும்வரை அளக்காமல் இருப்போம் என்பது எச்சரிக்கை அன்று, கைகழுவல்.

வெளிநாட்டு ஆய்வுகளையே அடுக்குகிறீர்கள், நம் மண்ணின் சான்று எங்கே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பெங்களூரிலிருந்து மூன்று மணிநேரத் தொலைவில் மைசூருவின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. அங்கே 1934 முதல் 1954 வரை பிறந்த குழந்தைகளின் எடையை எவரோ செவிலியர்கள் பொறுமையோடு ஏட்டில் எழுதிவைத்தனர். அந்த ஏடுகளைக் கொண்டு, அவ்வாறு பிறந்தவர்களில் 517 பேரை நடுவயதில் தேடிக் கண்டுபிடித்து நடத்திய ஆய்வு 1996இல் லான்செட்டில் வெளியானது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத்தமனி நோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலுமாகப் பிறந்தவர்களில் அது 3 விழுக்காடுதான். அதே மைசூரு மக்களிடம் குமரன், கரோலின் ஃபால் முதலியோர் அழுத்தத்தையும் தமனியின் நெகிழ்வையும் அளந்து 2000இல் வெளியிட்ட கட்டுரையோ, சிறிய உடலோடு பிறந்ததற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றது. பிறப்பெடை குறைவு, அதனால் விறைத்த தமனி, அதனால் உயர் அழுத்தம் என்ற அழகிய நேர்க்கோட்டை நம் மண்ணின் தரவு ஏற்க மறுத்தது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஐரோப்பியரின் கோட்பாட்டை இங்கே அப்படியே நட்டுவைக்க முடியாது என்பதற்கும், ஆகவே நாமே அளந்தாக வேண்டும் என்பதற்கும் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது சான்று ஹைதராபாத்தை அடுத்த ஊர்களில் கிடைத்தது. 1987 முதல் 1990 வரை 29 ஊர்களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. 15 ஊர்களில் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அங்கன்வாடித் திட்டத்தின் துணையுணவு கிடைத்தது. 14 ஊர்களுக்குத் திட்டம் பின்னரே வந்தது. அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது 1,165 பேரை மீண்டும் தேடி அளந்தனர். முடிவு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. துணையுணவு பெற்ற ஊர்களின் பிள்ளைகள் 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தனர். இன்சுலின் எதிர்ப்பு குறைந்திருந்தது. தமனி விறைப்பைக் காட்டும் அளவும் சாதகமாக இருந்தது. இரத்த அழுத்தத்தில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கடைசி வாக்கியத்தை இருமுறை படியுங்கள். கைப்பட்டையின் எண் இரு தரப்பையும் சமமென்று சொன்னது. தமனி சமமில்லை என்று சொன்னது. அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அன்று. பருவவயதில் கிடைத்த ஓர் அளவு வாழ்நாள் தீர்ப்பும் ஆகாது. எனினும் இரத்தக்குழாய் என்பது தனிமனிதரின் ஒழுக்கச் சான்றிதழ் அன்று, ஊரில் அங்கன்வாடி திறந்திருந்ததா என்ற கேள்வியின் விடையும் அதில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

இதனால்தான் "வாழ்க்கைமுறை நோய்" என்ற தொடரை நான் வெறுக்கிறேன். அத்தொடர் பார்ப்பதற்கு அறிவியல்போல் இருக்கிறது, செய்வதோ பழிசுமத்தல். பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு வேலைசெய்யும் இருபத்துநான்கு வயது இளைஞர் தன் உறக்கத்தைத் தானாகத் தேர்ந்தெடுத்தாரா? உறங்கும்போது அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு தாழ்வதே இயல்பு. அந்த ஓய்வைக் குழாய்களுக்கு மறுப்பது பணிநேர அட்டவணை. பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போகும் பெண், சில்க் போர்டு சந்திப்பின் புகையைத் தன் விருப்பத்தாலா சுவாசிக்கிறார்? நலமான இருபத்தைந்து பேரை நுண்துகளும் ஓசோனும் கலந்த காற்றை இரண்டு மணிநேரம் சுவாசிக்கச் செய்தபோது அவர்களுடைய கைத்தமனி சுருங்கியதை 2002இல் ஒரு சோதனை காட்டியது. இரண்டே மணிநேரம்! நம் நகரத்தில் அது ஒருவேளைப் பயணம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. விடுதி உணவிலும் பொட்டலத் தின்பண்டத்திலும் எவ்வளவு உப்பு என்று உண்பவருக்குத் தெரிவிக்க எவரும் இல்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு "தினமும் நடங்கள், யோகா செய்யுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவது, வெள்ளத்தில் நிற்பவனிடம் குடை பிடிக்கச் சொல்வது போன்றது. நடையும் யோகாவும் நல்லவை. அவற்றைச் செய்ய நேரமும் நடைபாதையும் வேண்டும்.

அரசு விட்ட பள்ளத்தில் வணிகம் புகுந்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். "உங்கள் தமனியின் வயது என்ன?" என்று கேட்டு, நிறுவனங்களின் நலமுகாம்களில் சில நிமிடப் பரிசோதனைகள் விற்கப்படுகின்றன. விரலில் ஒரு கவ்வி, திரையில் ஒரு பச்சை சிவப்பு முள், "உங்கள் வயது 27, தமனியின் வயது 41" என்று ஓர் அச்சுத்தாள். குழாயின் செயல் இவ்வளவு முக்கியமென்றால் இதை ஏன் எதிர்க்கிறாய் என்று கேட்பீர்கள். எந்த மக்களிடம் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டு அந்த 41 வந்தது என்று கேட்டால் விற்பவரிடம் விடையில்லை, அதனால் எதிர்க்கிறேன். காப்பி குடித்த கால்மணியில், படியேறிவந்த மூச்சிரைப்பில் எடுத்த அளவு எதையும் சொல்லாது, அதனாலும் எதிர்க்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயின் செயலை ஆய்வகம் அளக்கட்டும், இளைஞரின் கையில் முறையான கைப்பட்டை ஒன்று ஆண்டுக்கொருமுறை சுற்றப்பட்டாலே போதும் என்பது என் நிலைப்பாடு. ஆய்வுக் கருவியை அச்சம் விற்கும் கருவியாக்குவது, அளக்காமல் இருப்பதன் மறுபக்கமே.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். கல்விப்புலத்தைத் தப்பவிட்டு அரசையும் வணிகத்தையும் மட்டும் ஏசுவது எளிது. தமனி விறைப்பும் இளைஞர் அழுத்தமும் பற்றி நம் மருத்துவக் கல்லூரிகள் வெளியிடும் ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை: முதலாண்டு மாணவர் சில பத்துப்பேர், ஒரே ஒரு முறை அளவு, ஓர் ஒட்டுறவுக் கெழு, "மேலும் ஆய்வு தேவை" என்ற முடிவுரை. மேலும் ஆய்வு செய்யப்படுவதில்லை. அதே மாணவர்களை ஐந்தாண்டு கழித்து எவரும் கூப்பிடுவதில்லை. முனைவர் பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள், நல்கைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள், பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை. குழாயோ இருபதாண்டு மணிக்கூண்டில் இயங்குகிறது. அமெரிக்காவின் கார்டியா ஆய்வு 1985, 1986இல் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுடைய 5,115 பேரோடு தொடங்கியது. அவர்களை இன்றும் தொடர்கிறது. 40 வயதுக்கு முன்பே அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய, மூளைக்குழாய் நோய்கள் மிகுதியாக வந்ததை 2018இல் அது வெளியிட்டது. கல்லூரிகள் நிறைந்த பெங்களூரில், படிக்கவரும் இளைஞர்களின் அழுத்தத்தை வேலைக்குப் போன பின்னும் தொடரும் அத்தகைய ஏடு ஒன்றைத் தொடங்க இயலாது என்று எந்தத் துணைவேந்தரும் சொல்ல முடியாது. தொடங்கினால் பயன் தன் பதவிக்காலத்தில் வராது என்பதே சொல்லப்படாத காரணம்.

அளவின் நேர்மையும் நம் பொறுப்பு. நான் உடனிருந்த ஒரு கல்லூரி முகாமில், பெயர் வேண்டாம், முந்நூறு மாணவர்களுக்கும் ஒரே அளவுக் கைப்பட்டை. ஒல்லியான கைக்கும் அதுவே, பருத்த கைக்கும் அதுவே. சிறிய பட்டை வேண்டுமென்று கேட்டபோது "இது வெறும் ஸ்கிரீனிங்தானே" என்றார் பொறுப்பாளர். 2023இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், மிகப்பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 3.6 புள்ளிகள் குறைவாகக் காட்டியது. ஒல்லியான கைகள் நிறைந்த நம் வகுப்பறைகளில் இரண்டாவது பிழையே ஓசையின்றி நிகழும். நலமானவரை நோயாளி என்பதும், உயர் அழுத்தம் உள்ளவரை நலமானவர் என்பதும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒரே பட்டையின் திருவிளையாடல்.

எதிர்வாதங்களுக்கு விடை சொல்லி முடிக்கிறேன். இருபது வயதினரை அளந்தால் நலமானவர் மீது நோய்ப்பட்டம் ஒட்டும் என்கிறார்கள். ஒருமுறை அளந்து தீர்ப்புச் சொன்னால் ஒட்டும். வெவ்வேறு நாள்களில் மீண்டும் அளந்து, ஐயமிருந்தால் வீட்டிலோ இருபத்துநான்கு மணிநேரக் கருவியிலோ சரிபார்ப்பதே முறை. வெள்ளை அங்கியைக் கண்டதும் ஏறும் அழுத்தத்தைப் பிரித்தெடுக்க அந்த முறை இருக்கிறது. உயரமான இளைஞர் சிலரிடம் கையில் அளந்த மேல் அளவு பெருந்தமனியின் உண்மை அழுத்தத்தைவிட மிகுத்துக் காட்டும், அதைப் பொருட்படுத்தக் கூடாது என்கிறார்கள். சிலரிடம் உண்மை. ஆனால் மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த இளைஞர்களைச் சிகாகோவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், அவர்களுக்கு இதயநோய் மரண இடர் கூடுதலாக இருந்தது. யார் இந்தச் "சிலர்", யார் அந்தச் "சிலர்" என்று பிரிப்பதற்கு முதல் நிபந்தனையே அளப்பதுதான். இத்தனை பேருக்கும் மாத்திரையா என்று அஞ்சுகிறார்கள். பெரும்பாலோருக்கு மாத்திரை தேவைப்படாது. உப்பு, உறக்கம், புகையிலை, எடை ஆகியவற்றில் திருத்தமும் அடுத்த ஆண்டு மீண்டும் ஓர் அளவும் போதும். சிலருக்குச் சிறுநீரகத் தமனிச் சுருக்கமோ அட்ரீனல் சுரப்பிக் கோளாறோ பெருந்தமனியின் பிறவிக் குறுக்கமோ இருக்கும். திருத்தக்கூடிய அக்கோளாறுகளை 30 வயதுவரை காத்திருக்கச் செய்வது கொடுமை. செலவு கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்குப் பட்டையின் விலையையும் ஓர் ஆஞ்சியோபிளாஸ்டியின் விலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

ஆகவே கேட்பவை இவை. தேசியத் திட்டத்தின் இரத்த அழுத்தப் பரிசோதனை 30இல் அன்றி 18இல் தொடங்கட்டும். ஒவ்வொரு கல்லூரிச் சேர்க்கையிலும், ஒவ்வொரு தொழிற்சாலையின் பணியமர்த்தலிலும் கைக்கேற்ற பட்டையால் அளவு எடுக்கப்படட்டும். அந்த எண் நிர்வாகத்துக்குப் போகாமல், இளைஞரின் கையிலும் பொதுச் சுகாதார ஏட்டிலும் மட்டும் இருக்கட்டும். இல்லையேல் அதுவே வேலை மறுக்கும் கருவியாகும். பிரீஎக்லாம்சியா கண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுதோறும் அழைப்பு போகட்டும். பெங்களூரின் மருத்துவக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் கூடி, பொறியாளரும் தையல் தொழிலாளரும் உணவு கொண்டுசெல்லும் இளைஞரும் ஒருங்கே இடம்பெறும் நெடுங்கால ஆய்வொன்றைத் தொடங்கட்டும். குழாயின் விரிதிறனும் விறைப்பும் அங்கே முறையாக அளக்கப்படட்டும்.

மைசூருவில் குழந்தைகளின் எடையை எழுதிய செவிலியர்களுக்குத் தங்கள் ஏடு அரை நூற்றாண்டு கழித்து லான்செட்டில் பேசும் என்று தெரியாது. எழுதுவது கடமை என்று எழுதினார்கள். அவர்களைவிட நமக்குக் கருவிகள் அதிகம், பட்டங்கள் அதிகம். இன்று இருபது வயதில் இருக்கும் தலைமுறைக்கு அப்படி ஓர் ஏட்டை நாம் இன்னும் திறக்கவில்லை.